முதல் உலகப்போர்: போரைத் தடுத்து வந்தவரின் மரணமே போரைத் தொடங்கி வைத்தது எப்படி? ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டின் கதை

ஆஸ்திரிய இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்டார். முதல் உலகப்போர் வெடித்தது. பள்ளிப் பாடப்புத்தகத்தில் நாம் எல்லோரும் படித்த வரி இது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருப்போம், இரண்டு மதிப்பெண்ணும் வாங்கியிருப்போம்.

ஆனால் அந்த இளவரசர் யார்? சாவதற்கு முன் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? அந்த வரியில் இதற்குப் பதில் இல்லை.

பதில் தெரிந்தால் கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆஸ்திரியா - ஹங்கேரி பேரரசின் உச்சியில் இருந்தவர்களில், செர்பியாவுடன் போர் வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொல்லி வந்த மிக முக்கியமான ஆள் அவர்தான். அவரைக் கொன்றதற்குப் பழிவாங்கத்தான் செர்பியா மீது போர் தொடுக்கப்பட்டது. அந்தப் போரை வேண்டாம் என்று தடுக்க அப்போது அவர் உயிருடன் இல்லை.

அப்படியென்றால், 1914 ஜூன் 28 அன்று சரயேவோ நகரில் அந்தக் கார் தவறான தெருவில் திரும்பாமல் போயிருந்தால்? உலக வரலாறு வேறு மாதிரி போயிருக்குமா? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட்?

1863 டிசம்பர் 18 அன்று ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் பிறந்தவர். தந்தை கார்ல் லுட்விக், பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப்பின் தம்பி. அதாவது பேரரசருக்கு இவர் தம்பி மகன். ஏழு வயதிலேயே தாயைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார்.

பேரரசருக்கு ருடால்ஃப் என்று ஒரே மகன் இருந்ததால், ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் அரியணை ஏறுவார் என்று யாரும் நினைக்கவில்லை. 1889 ஜனவரி 30 அன்று எல்லாம் மாறியது. வியன்னாவுக்கு அருகே மயர்லிங் என்ற இடத்தில் இருந்த வேட்டை மாளிகையில், ருடால்ஃப் தன் காதலியுடன் இறந்து கிடந்தார். அடுத்த வாரிசாக இருந்த கார்ல் லுட்விக்கும் 1896இல் இறந்துபோனார். வரிசை இவரிடம் வந்து நின்றது.

அதிலும் ஒரு சிக்கல். தாயைக் கொன்ற அதே காசநோய் இவரையும் பிடித்தது. இவர் பிழைக்க மாட்டார் என்று கணக்குப் போட்ட அரண்மனை வட்டாரம், இவருடைய தம்பி ஓட்டோவை அடுத்த வாரிசு போல நடத்தத் தொடங்கியது. நோயிலிருந்து மீண்டு வந்த ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் அதை மறக்கவே இல்லை. யாரையும் எளிதில் நம்பாத குணமும் முன்கோபமும் கடைசிவரை அவரிடம் இருந்தன.

இந்தியாவுக்கும் வந்திருக்கிறார்

பலருக்குத் தெரியாத விஷயம் இது. 1892 டிசம்பரில் கைசரின் எலிசபெத் என்ற போர்க்கப்பலில் ஏறி உலகப் பயணம் கிளம்பினார். இலங்கை, இந்தியா, நேபாளம், ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று சுற்றி, பசிபிக் கடலைத் தாண்டி, வட அமெரிக்கா வழியாக 1893இல் வீடு திரும்பினார். வழியில் வாங்கிக் குவித்த ஆயிரக்கணக்கான பொருட்கள் இன்றும் வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இந்தியாவில் அவருக்கு மிகவும் பிடித்த வேலை வேட்டை. வாழ்நாள் முழுக்க அவர் சுட்ட விலங்குகள், பறவைகளின் எண்ணிக்கை 2 லட்சத்து 70 ஆயிரத்தைத் தாண்டும் என்று அவருடைய வேட்டைக் குறிப்பேடுகள் காட்டுகின்றன. எனவே இவர் சாந்த சொரூபி, அமைதித் தூதர் என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். போரை எதிர்த்ததற்கு அவருக்கு இருந்த காரணங்கள் வேறு.

அரண்மனையை எதிர்த்து ஒரு கல்யாணம்

பட்டத்து இளவரசருக்குப் பெண் தேடினார்கள். அவரோ சோஃபி ஷோடெக் என்ற பெண்ணைக் காதலித்தார். சோஃபி போஹிமியாவைச் சேர்ந்த பிரபுக் குடும்பத்துப் பெண்தான். ஆனால் ராஜ குடும்பம் இல்லை. இன்னொரு இளவரசியின் தோழியாக வேலை பார்த்தவர்.

பேரரசர் கடுமையாக எதிர்த்தார். இவர் விடவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதம் கிடைத்தது. சோஃபி ஒருபோதும் பேரரசி ஆக மாட்டார். பிறக்கும் பிள்ளைகளுக்கு அரியணையில் உரிமை கிடையாது. 1900 ஜூன் 28 அன்று அரண்மனையில் எல்லோர் முன்னிலையிலும் இதை ஏற்று உறுதிமொழி எடுத்தார். மூன்று நாள் கழித்து, ஜூலை 1 அன்று திருமணம் நடந்தது.

அந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் 28.

மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். அரச விருந்துகளில் கணவர் பக்கத்தில் உட்கார சோஃபிக்கு அனுமதி இல்லை. ஊர்வலத்தில் வரிசையின் பின்னால்தான் நடக்க வேண்டும். ஆனால் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் ராணுவ அதிகாரியாகச் செல்லும் இடங்களில் இந்தக் கட்டுப்பாடு அவ்வளவாக இல்லை. மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பொதுவெளியில் போகக் கிடைத்த அரிதான வாய்ப்புகளில் ஒன்றுதான் சரயேவோ பயணம்.

வியன்னாவில் ஒரு நிழல் அரசாங்கம்

ஆஸ்திரியா - ஹங்கேரி என்பது விசித்திரமான நாடு. 1867இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஒரே அரசர், இரண்டு அரசாங்கங்கள், இரண்டு நாடாளுமன்றங்கள். ராணுவமும் வெளியுறவும் பொது. சுமார் 5 கோடி மக்கள். ஜெர்மானியர், ஹங்கேரியர், செக், போலந்துக்காரர், உக்ரைனியர், ருமேனியர், குரோட், செர்பியர் என்று பத்துக்கும் மேற்பட்ட இனங்கள். அதிகாரம் பெரும்பாலும் முதல் இரண்டு இனங்களிடம்தான்.

இப்படியே போனால் பேரரசு உடைந்துவிடும் என்பது ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டின் பயம். பெல்வெடேர் அரண்மனையில் தனக்கென்று ஒரு ராணுவ அலுவலகம் வைத்துக்கொண்டார். நம்பிக்கையான அதிகாரிகள், ஸ்லோவாக், ருமேனிய, குரோட் அரசியல்வாதிகள் எல்லாம் அங்கே வந்து போனார்கள். தான் பதவிக்கு வந்த முதல் நாளிலிருந்து என்னென்ன செய்ய வேண்டும் என்று திட்ட அறிக்கையே தயாரிக்க வைத்தார்.

அங்கே இரண்டு யோசனைகள் பேசப்பட்டன. ஒன்று, தெற்கு ஸ்லாவ் மக்களுக்காக மூன்றாவது அரசாங்கம். இன்னொன்று, ஆரேல் போபோவிச் என்ற ருமேனிய எழுத்தாளர் 1906இல் முன்வைத்த கூட்டாட்சித் திட்டம். பேரரசை மொழி, இன அடிப்படையில் 15 மாநிலங்களாகப் பிரிப்பது அது. எந்த யோசனையைத் தேர்ந்தெடுப்பது என்று இளவரசர் கடைசிவரை முடிவாகச் சொல்லவில்லை. ஹங்கேரியப் பிரபுக்களின் பிடியைத் தளர்த்த வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார்.

இது ஜனநாயகப் பற்றால் வந்த ஆசை இல்லை. அவர் அதிகாரம் முழுக்கத் தன் கையில் இருக்க வேண்டும் என்று நினைத்தவர். ஹங்கேரியர்கள், யூதர்கள், இத்தாலியர்கள், செர்பியர்கள் மீதான வெறுப்பை அவர் மறைத்ததும் இல்லை. பேரரசைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான் அவருடைய கணக்கு.

சரி, பால்கன் போர்கள் என்றால் என்ன?

ஐரோப்பாவின் தென்கிழக்கு மூலைதான் பால்கன். பல நூறு ஆண்டுகள் துருக்கியின் ஒட்டோமான் பேரரசு அதை ஆண்டது. அது பலவீனமாக ஆக, செர்பியா, கிரீஸ், பல்கேரியா, மாண்டினீக்ரோ ஆகிய சின்ன நாடுகள் தலைதூக்கின.

இதில் வியன்னாவுக்குத் தலைவலி செர்பியா. 1903இல் பெல்கிரேடில் ராணுவ அதிகாரிகள் சிலர் அரண்மனைக்குள் புகுந்து, வியன்னாவுடன் இணக்கமாக இருந்த செர்பிய அரசரையும் அரசியையும் கொன்றார்கள். அதற்குப் பின் வந்த ஆட்சி ரஷ்யா பக்கம் சாய்ந்தது. பேரரசுக்குள் வாழும் செர்பியர்களையும் சேர்த்து ஒரு பெரிய தெற்கு ஸ்லாவ் நாடு என்ற கனவு வளர்ந்தது.

1878 முதல் தன் நிர்வாகத்தில் இருந்த போஸ்னியாவை 1908 அக்டோபரில் ஆஸ்திரியா - ஹங்கேரி முறைப்படி தன்னோடு இணைத்துக்கொண்டது. செர்பியா கொதித்தது. ரஷ்யா அவமானப்பட்டது. ஜெர்மனி மிரட்டியதால் ரஷ்யா அப்போது பின்வாங்கியது. ஆனால் மறுபடி ஒரு தடவை இப்படிப் பணியக் கூடாது என்ற எண்ணம் அங்கே ஆழமாகப் பதிந்துவிட்டது.

1912 அக்டோபரில் அந்த நான்கு நாடுகளும் கைகோத்து ஒட்டோமான் பேரரசு மீது பாய்ந்தன. இதுதான் முதல் பால்கன் போர். ஐரோப்பாவில் ஒட்டோமான்கள் வைத்திருந்த நிலம் கிட்டத்தட்ட முழுவதும் சில வாரங்களில் பறிபோனது. 1913 ஜூன் இறுதியில், கிடைத்ததைப் பங்கு போடுவதில் சண்டை வந்து, பல்கேரியா தன் கூட்டாளிகளையே தாக்கியது. இது இரண்டாம் பால்கன் போர். பல்கேரியா தோற்றது. 1913 ஆகஸ்ட் 10 அன்று புக்கரெஸ்ட் ஒப்பந்தத்தோடு அது முடிந்தது.

இரண்டு போருக்கும் பிறகு செர்பியாவின் பரப்பளவு ஏறக்குறைய இரு மடங்கானது.

வியன்னாவில் போர் முரசு கொட்டியவர் யார்?

கான்ராட் ஃபான் ஹோட்ஸெண்டார்ஃப். ஆஸ்திரியா - ஹங்கேரி ராணுவத்தின் தலைமைத் தளபதி. செர்பியா வளர்வதற்கு முன்பே அடித்து நொறுக்கிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே மந்திரம். 1913 என்ற ஒரே ஆண்டில் மட்டும் 25 முறை செர்பியா மீது போர் தொடுக்கச் சொன்னார் என்று வரலாற்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இங்கேதான் முரண். 1906இல் கான்ராடை அந்தப் பதவியில் உட்கார வைத்தவரே ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட்தான். நல்ல ராணுவ நிபுணர் என்பது அவருடைய எண்ணம். ஆனால் போர் வேண்டும் என்று கான்ராட் கேட்கும்போதெல்லாம் தடுக்கும் வேலையும் பெரும்பாலும் இவர் தலையிலேயே விழுந்தது. 1908-09 போஸ்னிய நெருக்கடியிலும் கான்ராடை அடக்கி வைக்கச் சொன்னவர் இவர்தான்.

1912-13: போரின் விளிம்புவரை போய்த் திரும்பிய கதை

1912 நவம்பரில் செர்பியப் படை ஏட்ரியாட்டிக் கடற்கரையைத் தொட்டது. செர்பியாவுக்குத் துறைமுகம் கிடைத்தால் அது ரஷ்யாவுக்குக் கிடைத்த மாதிரி என்று வியன்னா பதறியது. அந்தக் கடற்கரையில் அல்பேனியா என்ற தனி நாடு அமைய வேண்டும் என்று வற்புறுத்தியது. நவம்பர் 28 அன்று அல்பேனியா சுதந்திரப் பிரகடனமும் செய்தது.

எல்லையில் ஆஸ்திரியா - ஹங்கேரி படைகளைக் குவித்தது. ரஷ்யாவோ, பணிக்காலம் முடிந்த வீரர்களை வீட்டுக்கு அனுப்பாமல் முகாமிலேயே நிறுத்தி வைத்தது. உலகப்போர் 1912லேயே வந்திருக்கலாம் என்று சொல்வது இதனால்தான்.

அந்த டிசம்பரில் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டும் தடுமாறினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். முந்தைய ஆண்டு பதவியிலிருந்து நீக்கப்பட்டிருந்த கான்ராட், இவர் ஆதரவோடு திரும்ப வந்தார். பேரரசர் முன் நடந்த ஆலோசனையில் ராணுவ நடவடிக்கைக்கு ஆதரவாகவே இவர் பேசினார். அன்று தயங்கியவர் வெளியுறவு அமைச்சர் பெர்க்டோல்ட். பேரரசரும் போருக்குச் சம்மதிக்கவில்லை.

ஆனால் சில வாரங்களில் இளவரசர் பழைய நிலைக்கே திரும்பினார். 1913 பிப்ரவரியில் கான்ராடுக்கும் பெர்க்டோல்டுக்கும் அவர் தெரிவித்த கருத்து தெளிவானது. செர்பியாவை அடித்தால் ரஷ்யா வரும். ரஷ்யாவோடு மோதினால் இரண்டு பேரரசுகளும் அழியும், லாபம் புரட்சிக்காரர்களுக்குத்தான். செர்பியாவைப் பிடித்து என்ன கிடைக்கப் போகிறது, கொஞ்சம் பிளம் மரங்களும் ஆடு மேய்க்கிற நிலமும்தானே என்பது அவருடைய ஏளனம்.

அதே மாதம் பேரரசரின் கடிதத்தோடு ஒரு தூதர் ரஷ்யத் தலைநகருக்குப் போனார். மார்ச்சில் இரு தரப்பும் படைகளைக் குறைக்க ஒப்புக்கொண்டன. இன்னொரு பக்கம் லண்டனில், பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரே தலைமையில் ஆறு வல்லரசுகளின் தூதர்கள் மாதக் கணக்கில் உட்கார்ந்து பேசினார்கள். செர்பியாவுக்குத் துறைமுகம் கிடையாது, உள்நாட்டில் வேறு நிலம் உண்டு என்று சமரசம் ஆனது. இரண்டாம் பால்கன் போர் வந்தபோதும் தலையிட வேண்டாம் என்பதே இளவரசரின் நிலை.

சுருக்கமாகச் சொன்னால், பேச்சுவார்த்தை அப்போது வேலை செய்தது. வல்லரசுகள் சண்டைக்கு வரிந்து கட்டியும், கடைசி நிமிடத்தில் ஒதுங்கிக்கொண்டன.

ஆனால் அந்த ஆண்டு வியன்னா ஒரு தவறான பாடத்தையும் கற்றுக்கொண்டது. 1913 அக்டோபரில், அல்பேனிய மண்ணில் இருந்த செர்பியப் படை எட்டு நாளில் வெளியேற வேண்டும் என்று இறுதி எச்சரிக்கை விடுத்தது. செர்பியா பணிந்தது. மிரட்டினால் காரியம் நடக்கும் என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது.

ஏன் போர் வேண்டாம் என்றார்?

மூன்று காரணங்கள்.

ஒன்று, ரஷ்யா பற்றிய பயமும் மரியாதையும். வியன்னா, பெர்லின், ரஷ்யத் தலைநகர் மூன்றிலும் பேரரசர்கள் ஒன்றுசேர வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அரசர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டால் அரியணையே மிஞ்சாது என்று நினைத்தார்.

இரண்டு, ராணுவத்தின் நிலை. 1913 மே மாதம் உளவுத்துறை அதிகாரி ஆல்ஃபிரட் ரெடல், பல ஆண்டுகளாக ரஷ்யாவுக்கு ரகசியங்களை விற்று வந்தது அம்பலமானது. அவர் தற்கொலை செய்துகொள்ள வழி விட்டதற்காகக் கான்ராட் மீது இளவரசர் கொதித்தார். இப்படிப்பட்ட ராணுவத்தை வைத்துக்கொண்டு உலகப்போரா?

மூன்று, வீட்டுக்குள் செய்ய வேண்டிய வேலை. முதலில் பேரரசுக்குள் சீர்திருத்தம், பிறகுதான் வெளியே பார்க்க வேண்டும் என்பது அவருடைய வரிசை. போர் வந்தால் அந்த வரிசையே குலைந்துவிடும்.

1913 ஆகஸ்டில் அவர் படைகள் அனைத்துக்கும் தலைமை ஆய்வாளர் ஆனார். அடுத்த மாதம் நடந்த போர்ப் பயிற்சியில் கான்ராடோடு கடும் மோதல். கான்ராடை மாற்றிவிடும் யோசனையும் அவருக்கு இருந்தது.

இங்கிலாந்தில் தப்பிய குண்டு

1913 நவம்பரில் இளவரசரும் சோஃபியும் இங்கிலாந்து போனார்கள். வின்ட்சரில் அரசர் ஐந்தாம் ஜார்ஜின் விருந்தினர்கள். பிறகு போர்ட்லண்ட் டியூக்கின் வெல்பெக் மாளிகையில் வேட்டை. அங்கே பனியில் துப்பாக்கி நிரப்பும் ஊழியர் ஒருவர் வழுக்கி விழ, இரண்டு குழல்களும் வெடித்தன. இளவரசரையும் டியூக்கையும் சில அடி தூரத்தில் குண்டுகள் கடந்துபோயின. இதைப் பின்னாளில் டியூக்கே தன் நினைவுகளில் எழுதியிருக்கிறார்.

அன்று இளவரசர் இறந்திருந்தால்? அது வெறும் விபத்து. செர்பியா மீது பழி போட வாய்ப்பே இருந்திருக்காது. அதே மனிதர் ஏழு மாதம் கழித்து சரயேவோவில் இறந்தபோதுதான், அந்த மரணம் போருக்கான காரணமாக மாறியது.

சரயேவோவில் என்ன நடந்தது?

போஸ்னியாவில் நடந்த ராணுவப் பயிற்சியைப் பார்வையிடப் போன இளவரசர், 1914 ஜூன் 28 அன்று மனைவியோடு சரயேவோ நகருக்குள் வந்தார். செர்பியர்கள் கொசோவோ போரை நினைவுகூரும் நாள் அது. அவருக்கோ, திருமணத்துக்காக உறுதிமொழி எடுத்து சரியாக 14 ஆண்டுகள் நிறைந்த நாள்.

வழியில் ஆறு இளைஞர்கள் ஆயுதங்களோடு நின்றிருந்தார்கள். அவர்களுக்கு பெல்கிரேடிலிருந்து ஆயுதம் கிடைத்ததில், 1903 அரண்மனைக் கொலையில் பங்கெடுத்த அபிஸ் என்ற டிமிட்ரியேவிச் தலைமையிலான ரகசிய இயக்கத்துக்குத் தொடர்பு இருந்தது. அவர் அப்போது செர்பிய ராணுவ உளவுப் பிரிவின் தலைவரும்கூட.

காலை 10 மணிக்குப் பிறகு நெடெல்கோ சாப்ரினோவிச் குண்டு வீசினார். அது இளவரசரின் கார் மேல் பட்டுத் தெறித்து, பின்னால் வந்த காருக்கு அருகே வெடித்தது. பலர் காயமடைந்தார்கள். இளவரசர் நகர மன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

காயமடைந்த அதிகாரியை மருத்துவமனையில் பார்க்க விரும்பினார். எனவே பாதையை மாற்ற முடிவானது. ஆனால் ஓட்டுநர்களிடம் யாரும் அதைச் சரியாகச் சொல்லவில்லை. லத்தீன் பாலம் அருகே கார் பழைய திட்டப்படியே திரும்பியது. தவறான வழி என்று சத்தம் போட்டதும் ஓட்டுநர் காரை நிறுத்தினார். அது நின்றது 19 வயது கவ்ரீலோ பிரின்சிப்புக்கு நேர் எதிரே. இரண்டு குண்டுகள். கணவன், மனைவி இருவருமே சிறிது நேரத்தில் இறந்தார்கள்.

பிரின்சிப் சாண்ட்விச் சாப்பிட அங்கே நின்றார் என்று சமூக வலைதளங்களில் ஒரு கதை சுற்றுகிறது. அந்தக் காலப் பதிவுகளில் அப்படி எதுவும் இல்லை. அறிவிக்கப்பட்ட பாதையில் இளவரசர் திரும்பி வருவார் என்று எதிர்பார்த்துத்தான் அவர் அங்கே காத்திருந்தார்.

விசாரணையில் பிரின்சிப் சொன்ன ஒரு காரணம் கவனிக்க வேண்டியது. இளவரசர் பதவிக்கு வந்து சீர்திருத்தங்கள் செய்தால், தெற்கு ஸ்லாவ் மக்கள் ஒன்றிணைவது தடைபடும் என்று அவர் நினைத்தார். அதாவது, கொன்றவர்களே இளவரசரின் சமரசத் திட்டத்தைத்தான் ஆபத்தாகப் பார்த்தார்கள்.

அடுத்த 37 நாட்களில் என்ன ஆனது?

சோஃபியை ராஜ கல்லறையில் புதைக்க முடியாது என்பதால், இளவரசர் முன்பே ஆர்ட்ஸ்டெட்டன் என்ற ஊரில் தங்களுக்கு இடம் அமைத்து வைத்திருந்தார். அங்கேயே இருவரும் அடக்கம் செய்யப்பட்டார்கள். அதற்கு முன் வியன்னாவில் நடந்த அஞ்சலியில்கூட, சோஃபியின் பெட்டி கணவரின் பெட்டியைவிடத் தாழ்வாகத்தான் வைக்கப்பட்டது.

கான்ராட் மறுபடி போர் என்றார். இந்தத் தடவை எதிர்த்துப் பேச வேண்டிய ஆள் இல்லை. பெர்க்டோல்ட் போர்ப் பக்கம் சாய்ந்திருந்தார். பேரரசருக்கு 84 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. தயங்கியவர் ஹங்கேரியப் பிரதமர் டிசா மட்டுமே. ஜூலை 14 வாக்கில் அவரும் சம்மதித்தார்.

ஜூலை 5, 6 தேதிகளில், என்ன செய்தாலும் துணை நிற்போம் என்று ஜெர்மனி வாக்குக் கொடுத்தது. பிளாங்க் செக் என்று வரலாற்றில் பெயர் பெற்றது இதுதான். ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் இளவரசரின் நண்பர். இரண்டு வாரம் முன்புதான் அவருடைய கொனோபிஷ்டே மாளிகைக்கு விருந்தாளியாக வந்து போயிருந்தார். நண்பனின் கொலை அவரையும் கொதிக்க வைத்தது.

ஜூலை 23 அன்று செர்பியாவுக்கு 48 மணி நேர இறுதி எச்சரிக்கை. ஜூலை 28 அன்று போர்ப் பிரகடனம். ஜூலை 30 அன்று ரஷ்யா முழுப் படையையும் திரட்டியது. ஆகஸ்ட் 1 அன்று ரஷ்யா மீதும், 3 அன்று பிரான்ஸ் மீதும் ஜெர்மனி போர் அறிவித்தது. ஆகஸ்ட் 4 அன்று பிரிட்டன் இறங்கியது. கொலை நடந்து 37 நாள்தான் ஆகியிருந்தது.

அவர் உயிர் தப்பியிருந்தால்?

வரலாற்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கும் கேள்வி இது. ரிச்சர்ட் நெட் லெபோ என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதை வைத்து ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். தெரிந்த உண்மைகளை வைத்து மூன்று சாத்தியங்களை யோசிக்கலாம்.

முதல் சாத்தியம்: 1914 கோடை சண்டையில்லாமல் கடந்திருக்கும். கொலை முயற்சிக்காக செர்பியா மீது விசாரணை, மன்னிப்பு என்று வியன்னா நெருக்கியிருக்கலாம். ஆனால் உயிரோடு இருக்கும் இளவரசருக்காகப் போர் தொடுக்க, அந்த இளவரசரே சம்மதிக்க வேண்டுமே! கான்ராட் பதவி இழந்திருக்கவும் வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது சாத்தியம்: நெருப்பு வேறு இடத்தில் பிடித்திருக்கும். 1914இல் கிரீஸும் ஒட்டோமான் பேரரசும் ஏஜியன் தீவுகளுக்காக முறைத்துக்கொண்டிருந்தன. அல்பேனியாவில் குழப்பம். 1917க்குள் ரஷ்ய ராணுவம் பல மடங்கு வலுப்பெறும் என்று ஜெர்மன் தளபதிகள் அஞ்சினார்கள்; போர் வந்தே தீரும் என்றால் சீக்கிரம் வரட்டும் என்று நினைத்தார்கள். எனவே ஒருவர் பிழைத்ததால் மட்டும் ஐரோப்பா முழுக்க அமைதி நிலைத்திருக்கும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது சாத்தியம்: சண்டை வீட்டுக்குள் வந்திருக்கும். பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப் 1916 நவம்பர் 21 அன்று இறந்தார். இவர் இருந்திருந்தால் 52 வயதில் அரியணை ஏறியிருப்பார். ஹங்கேரியுடனான பொருளாதார உடன்பாட்டைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அடுத்த தவணை 1917. ஹங்கேரியின் அரசராக முடிசூடுவதைத் தள்ளிப் போட்டு, அங்கே எல்லோருக்கும் வாக்குரிமை கொண்டுவந்து பிரபுக்களை மடக்குவது அவருடைய திட்டம். பிரபுக்கள் சும்மா இருந்திருப்பார்களா? பேரரசு கூட்டாட்சியாக மாறியிருக்கலாம், உள்நாட்டுப் போரில் சிதறியும் இருக்கலாம்.

எது நடந்திருக்கும் என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் ஒன்றை உறுதியாகப் பார்க்கலாம். 1913இலும் 1914இலும் இருந்தது அதே ஐரோப்பா, அதே கூட்டணிகள், அதே கான்ராட். முதல் தடவை போர் தடுக்கப்பட்டது, இரண்டாம் தடவை தடுக்கப்படவில்லை. அந்த அறையில் இருந்த ஒரு நாற்காலி காலியானது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

நமக்கு இதில் என்ன சம்பந்தம்?

நிறைய. பிரிட்டன் போரில் இறங்கியதும் இந்தியாவும் இழுக்கப்பட்டது. 10 லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள். சுமார் 74 ஆயிரம் பேர் திரும்பி வரவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு வீசியது. பயத்தில் பலர் ஊரைக் காலி செய்தார்கள். கில்லாடியான ஆளை எம்டன் என்று இன்றும் நம் ஊரில் சொல்வது அதிலிருந்து வந்ததுதான். உயர் நீதிமன்ற வளாகத்தில் அந்தத் தாக்குதலின் நினைவுக்கல் இருக்கிறது.

சரயேவோவில் ஒரு கார் தவறாகத் திரும்பி மூன்று மாதம்கூட ஆகாத நிலையில் நடந்தது இது.

போர் முடிவதற்குள் சுமார் 90 லட்சம் வீரர்கள் இறந்தார்கள். ரஷ்யாவோடு மோதினால் இரண்டு பேரரசுகளும் அழியும் என்று ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் எச்சரித்தது அப்படியே பலித்தது. 1917இல் ரஷ்ய முடியாட்சி விழுந்தது, 1918இல் ஆஸ்திரியா - ஹங்கேரி துண்டு துண்டானது. பிரின்சிப் 1918 ஏப்ரலில் சிறையில் காசநோயால் இறந்தார். இளவரசரின் இரண்டு மகன்களையும் 1938இல் நாஜிகள் டகாவ் வதை முகாமில் அடைத்தார்கள். இருவரும் உயிரோடு மீண்டார்கள்.

போரைத் தவிர்க்க நல்லவர்கள் மட்டும்தான் தேவை என்பதில்லை என்று இந்தக் கதை காட்டுகிறது. முன்கோபக்காரர், வெறுப்பு நிறைந்தவர், அதிகார ஆசை கொண்டவர்தான் இவரும். ஆனால் போரின் விலை என்ன என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்தக் கணக்கை உரக்கச் சொல்லும் இடத்திலும் இருந்தார். 1914 ஜூலையில் வியன்னாவில் அதைச் செய்ய ஆள் இல்லாமல் போனது.